டெல்டா கொல்லையில் காய்கறி: ஆடி முதல் ஆனி வரை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் கொல்லையில் முதன்முதலாகக் காய்கறி போடுகிறவர்கள் பலர், ஆடியில் ஆசை ஆசையாக விதைக்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் பாதிக்கு மேல் பறிகொடுக்கிறார்கள். பிறகு "நம்ம மண்ணுக்கு நெல்லுதான் சரி" என்று விட்டுவிடுகிறார்கள். மண்ணைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் இது, சத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் தண்ணீர் சீக்கிரம் வடியாது. நெல் தண்ணீரில் நிற்கும், கத்தரி நிற்காது. வேர் முங்கி இரண்டு நாள் கிடந்தாலே மூச்சு முட்டிப் போகும்.

அதனால் இங்கே தோட்டம் போடுகிறவர் எந்த விதை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், கார்த்திகையில் பெய்கிற தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று யோசிக்க வேண்டும். செம்மண் பூமிக்கும் மாடித் தோட்டத்துக்கும் எழுதிய குறிப்புகளை அப்படியே இங்கே பின்பற்றினால் ஏமாற்றம்தான்.

இடம் பார்ப்பது

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடம் வேண்டும். தென்னை மரத்தடி வேண்டாம். நிழல் ஒரு பக்கம் இருக்க, தூரைச் சுற்றி ஆறடிக்குள் தென்னை வேர்ப் பின்னல் இருக்கும். நீங்கள் போடும் எருவை எல்லாம் அதுவே தின்றுவிடும்.

அடுத்து மதில் சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். போன மழைக்காலத்தில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு நின்றதோ, அந்த மட்டத்தில் பாசி காய்ந்து ஒரு கறுத்த கோடு ஓடும். தரையிலிருந்து அந்தக் கோடு நான்கு விரற்கடை இருந்தால் ஒரு அடி உயரப் பாத்தி போதும். ஒரு சாணுக்கு மேல் இருந்தால் ஒன்றரை அடியாவது உயர்த்த வேண்டும், அல்லது வேறு மூலையைப் பார்க்க வேண்டும்.

சுவர் இல்லாத கொல்லை என்றால் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டி, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் சாயங்காலம் மறுபடி நிரப்புங்கள். இந்த இரண்டாவது தண்ணீர் காலையில் பாதிக்கு மேல் நின்றால் வடிகால் மோசம் என்று அர்த்தம். இந்தச் சோதனையைப் பங்குனி, சித்திரையில் செய்தால் விடை தப்பாக வரும். அப்போது நிலத்தடி நீர் கீழே இறங்கி, களிமண்ணும் வெடித்துக் கிடப்பதால் ஊற்றிய தண்ணீர் வெடிப்பில் ஓடிவிடும். ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு செய்யுங்கள்.

மண்ணின் தன்மையைக் கையாலேயே அறியலாம். ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டித் திரியாக்கி, விரலைச் சுற்றி மோதிரமாக வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் நல்ல களி. பாதியில் உடைந்தால் படுகை மண், காய்கறிக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. உருண்டையே பிடிக்காவிட்டால் மணல். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் அப்படித்தான் இருக்கும். அங்கே வடிகால் கவலை குறைவு, உப்புக் கவலை அதிகம்.

மேட்டுப் பாத்தி

பாத்தியின் அகலம் மூன்றரை அடி. இரண்டு பக்கமும் நின்றபடி நடுவுக்குக் கை எட்ட வேண்டும், பாத்தி மேல் கால் படவே கூடாது. களிமண்ணை ஈரத்தில் ஒருமுறை மிதித்தால் அந்த இடம் அந்தப் பட்டம் முழுக்க இறுகியே கிடக்கும். நீளம் பத்து அடி. போடும்போது ஒன்றேகால் அடி உயரம் போட்டால், இரண்டு மழைக்கு அமுங்கி ஒரு அடியில் நிற்கும்.

பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஒன்றரை அடி அகலம், முக்கால் அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுங்கள். வெட்டிய மண்ணைப் பாத்தியிலேயே போட்டால் தேவையில் மூன்றில் ஒரு பங்கு தேறிவிடும். மீதிக்குக் கொல்லை மேல்மண்ணோ குளத்து வண்டலோ வேண்டும். குளத்தில் மண் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எல்லா வாய்க்காலும் கொல்லையின் தாழ்ந்த மூலைக்குச் சரிந்து ஓடட்டும். அந்த மூலையிலிருந்து தண்ணீர் வெளியேற ஒரு வழி இருக்கட்டும். தெருவைச் சிமெண்ட் போட்டு உயர்த்திவிட்டதால் பல வீடுகளில் அந்த வழியே அடைபட்டுக் கிடக்கிறது. அப்படியானால் தாழ்ந்த மூலையில் மூன்றடிக்கு மூன்றடி ஒரு குழி எடுத்து வையுங்கள். மழை நாளில் தண்ணீர் அங்கே சேரும், வாளியாலோ மோட்டாராலோ இறைத்துவிடலாம்.

இந்த அளவுள்ள ஒரு பாத்திக்கு மக்கிய தொழுவுரம் 30 முதல் 40 கிலோ, மண்புழு உரம் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ, உமிக்கரி இரண்டு சாக்கு. நெல் அரவை ஆலைகளில் கருகிய உமி தாராளமாகக் கிடைக்கும். களிமண்ணைப் பொலபொலவென்று வைக்க இதைவிட மலிவான சரக்கு இந்தப் பக்கத்தில் இல்லை. முழுக்க வெந்து வெள்ளையான சாம்பலை அந்த அளவுக்குக் கொட்டாதீர்கள், மண்ணின் காரத்தன்மை ஏறிவிடும்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் ஒரு தவறு, களிமண்ணை இளக்க நாலைந்து சட்டி ஆற்றுமணலைக் கொட்டுவது. கொஞ்ச மணலும் நிறையக் களியும் சேர்ந்து வெயிலில் காய்ந்தால் செங்கல்தான். இளக்குவதற்கு எருவும் உமிக்கரியும் மக்கிய இலையும் போதும்.

மண்ணைக் கொத்தப் பதம் பார்க்க வேண்டும். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்புயரத்திலிருந்து போடுங்கள். சப்பையாக ஒட்டினால் ஈரம் அதிகம், இரண்டு நாள் பொறுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். ஈரத்தில் கொத்தினால் வரும் கட்டி காய்ந்த பிறகு சம்மட்டிக்குத்தான் உடையும்.

முதல் வருஷம் நான்கு பாத்தி போதும். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. அதை முழுக்க ஒரே நாளில் திருத்த ஆசைப்பட்டு, களை எடுக்க முடியாமல் ஆவணியிலேயே கைவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு பாத்தி கீரை, ஒரு பாத்தி வெண்டை, ஒரு பாத்தி கத்தரி, ஒரு பந்தல். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாரத்தில் நாலைந்து நாள் கறிக்கு இதுவே ஆகும். ஆடும் கோழியும் வராமல் நான்கு பக்கமும் படலோ வலையோ கட்டிய பிறகே விதையைத் தொடுங்கள்.

ஆடியில் எதை விதைப்பது

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது சரிதான். ஆனால் டெல்டாவில் ஆடியில் விதைக்கும்போதே ஐப்பசியை எண்ணி விதைக்க வேண்டும். பயிர்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மழைக்கு முன் காய்த்து முடிபவை, மழையைத் தாங்கி நிற்பவை, மழை விட்ட பிறகே தொடங்க வேண்டியவை.

வெண்டை முதல் வகை. ஆடி முதல் வாரத்தில் ஊன்றினால் 45 நாளில், ஆவணிக் கடைசியில் காய் பறிக்கலாம். புரட்டாசி முழுக்கக் காய்த்து, அடைமழை பிடிக்கும்போது ஓய்ந்திருக்கும். விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, விரற்கடை ஆழத்தில் இரண்டிரண்டாக ஊன்றி, முளைத்ததும் வலுவானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. மூன்றரைக்குப் பத்தடிப் பாத்தியில் மூன்று வரிசை, வரிசைக்குப் பத்து, ஆக 30 செடி. அர்கா அனாமிகா ரகம் மஞ்சள் நரம்புத் தேமல் நோயை ஓரளவு தாங்கும். கொத்தவரையும் இதே கணக்குதான், பூசா நவ்பகார் கிளை விடாமல் நிமிர்ந்து வளர்வதால் அரை அடி இடைவெளி போதும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் காய் நார் பிடிப்பதோடு செடியும் அடுத்த பூ விடச் சுணங்கும்.

கத்தரி இரண்டாம் வகை. ஆனி நடுவில் நாற்றுவிட்டு, 30 முதல் 35 நாள் நாற்றை ஆடிக் கடைசிக்குள் நட்டுவிட வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி, ஒரு பாத்திக்குப் பத்துச் செடி. மழை பிடிக்கும் முன் செடி முழங்கால் உயரத்துக்கு வந்து, தண்டு பென்சில் கனத்தைத் தாண்டியிருந்தால் மேட்டுப் பாத்தியில் மழையைத் தாங்கிவிடும். ஆவணிக் கடைசியில் நட்ட குட்டி நாற்று தாங்காது. கோ 2, பாலூர் 1 இரண்டும் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு வெளியிட்ட ரகங்கள். ஆனால் உங்கள் ஊர்ச் சந்தையில் எந்தக் கத்தரிக்கு ஆள் நிற்கிறதோ, அந்த நாட்டு விதை கிடைத்தால் அதையே போடச் சொல்வோம்.

தக்காளியை ஆடியில் போடாதீர்கள். பூத்துக் காய்க்கும் நேரத்தில் சரியாக அடைமழையில் மாட்டும். அழுகலும் இலைக் கருகலும் சேர்ந்து ஒரு கூடைக்கூடத் தேறாது. தக்காளிக்குத் தை இருக்கிறது.

கீரைக்குப் பட்டம் கிடையாது, ஆனால் விதைப்பில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு பாத்திக்கு ஒரு டீஸ்பூன் அரைக்கீரை விதை போதும். அதை நான்கு கைப்பிடி உலர்ந்த மணலில் கலந்து, ஒருமுறை நீளவாக்கிலும் ஒருமுறை குறுக்கிலும் தூவினால் சமமாக விழும். மேலே மண்புழு உரத்தைச் சலித்து, விதை மறையும் அளவுக்கு மட்டும் தூவுங்கள். பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள், குடத்தால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும். விதைத்த அன்று ராத்திரியே எறும்பு வரிசை கட்டி வந்து விதையைத் தூக்கும். பாத்தியைச் சுற்றி இரண்டு கைப்பிடி நொய்யோ ரவையோ தூவிவிட்டால், முளைக்கும் வரை எறும்பு அதைச் சுமந்துகொண்டு அலையும். சிறுகீரை, முளைக்கீரை 20 முதல் 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் தழையும். பத்து நாளுக்கு ஒருமுறை பாதிப் பாத்தி விதைத்தால் வீட்டில் கீரை ஓயாது.

பந்தல்

புடல், பாகல், பீர்க்கு மூன்றுக்கும் பந்தல் ஒன்றேதான். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் நான்கு மூலையிலும் சவுக்குக் கம்பு, இரண்டடி ஆழம் புதைத்து. உயரம் ஆறடிக்கு மேல் வேண்டாம், கடற்கரைப் பக்கம் ஐந்தடியே போதும். நான்கு மூலைக்கும் வெளிப்பக்கமாகச் சாய்த்து முளையடித்துக் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை ஏறியபோது தென்னையே சாய்ந்தது. அப்படிப்பட்ட காற்றுக்கு எந்தப் பந்தலும் நிற்காது. ஆனால் வருஷா வருஷம் வரும் சாதாரண ஐப்பசிக் காற்றுக்கு இந்த இழுகம்பி போதும்.

ஒன்றரை அடிக் குழி எடுத்து, மேல்மண்ணோடு ஐந்து கிலோ எரு, நூறு கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து மூடுங்கள். மூடும்போது தரை மட்டத்துக்கு மேல் அரை அடி மேடாகக் குவிக்க வேண்டும். குழியாகவே விட்டால் மழையில் அது கிணறாகிவிடும். பாகல், புடல் விதைகளின் ஓடு தடிப்பு. ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து முளை தலைகாட்டியதும் ஊன்றுங்கள். குழிக்கு ஐந்து விதை, பிறகு இரண்டு செடி நிறுத்துங்கள்.

முதல் பத்துப் பதினைந்து நாள் பூவெல்லாம் உதிரும். அவை ஆண் பூக்கள், பயப்பட ஒன்றுமில்லை. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று இருக்கும். அதுவும் பழுத்து உதிர்ந்தால் தேனீ வரத்து இல்லை என்று பொருள். ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பாகலும் பரங்கியும் காலையில் பூக்கும். பீர்க்கும் சுரையும் சாயங்காலத்தில், புடல் இருட்டிய பிறகு. காலையில் எழுந்து பீர்க்கம்பூவைத் தடவிப் பயனில்லை. நீளப் புடல் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டினால் நேராக இறங்கும்.

புரட்டாசியில் நிறுத்திக்கொள்ளுங்கள்

புரட்டாசி பத்து தேதிக்குப் பிறகு திறந்த பாத்தியில் சின்ன விதை எதையும் தூவாதீர்கள். இனி வேலை மழைக்குத் தயாராவதுதான்.

வாய்க்காலில் சேர்ந்த மண்ணை வழித்துப் பாத்தியின் மேலேயே போடுங்கள். மேல் முனையில் நான்கு குடம் தண்ணீரை ஊற்றி, தாழ்ந்த மூலை வரை எங்கும் தேங்காமல் போகிறதா என்று கண்ணால் பாருங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் தூரில் மண் அணைத்து, செடிக்கொரு மூங்கில் குச்சி நட்டு எட்டுப் போல முடிச்சிட்டுக் கட்டுங்கள். அடியிலுள்ள, மண்ணைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறித்துத்தான் பல அழுகல் நோய் இலைக்கு ஏறுகிறது. இரண்டு விரற்கடை கனத்துக்கு வைக்கோல் பரப்பினால் தெறிப்பு நின்றுவிடும், தூரை மட்டும் ஒட்டாமல் பரப்புங்கள். இந்த மாதத்தில் கடலைப் புண்ணாக்குக் கரைசல் போன்ற தழைச்சத்து மிகுந்த உரம் வேண்டாம். தளதளவென்று வளரும் தண்டுதான் காற்றில் முதலில் ஒடியும்.

மழை பிடித்த பிறகு ஒரு காட்சி எல்லோரையும் ஏமாற்றும். நான்கு நாள் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மத்தியானம் பார்த்தால் கத்தரி இலையெல்லாம் தொங்கிக் கிடக்கிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு வாளி ஊற்றுகிறார்கள், செடி செத்துவிடுகிறது. வேருக்குக் காற்று இல்லாததால்தான் அந்த வாட்டம். மண்ணில் தண்ணீர் இருந்தும் வேரால் இழுக்க முடியவில்லை. செய்ய வேண்டியது தண்ணீரை வடிப்பது. மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் களைக்கொத்தால் மேலாகக் கீறி, இறுகிய மேல்தோலை உடைத்துவிடுங்கள். வேரழுகலைத் தடுக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாத் தூளை ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் கரைத்துத் தூரில் ஊற்றுங்கள். இலை வெளுத்திருந்தால் வெயில் வந்த மூன்றாம் நாள் பஞ்சகவ்யம் பத்து லிட்டருக்கு 300 மில்லி, நன்றாக வடிகட்டி இலையில் தெளியுங்கள். மண்ணில் உரம் போடுவதைப் புதுத் தளிர் தெரியும் வரை தள்ளிவையுங்கள்.

நத்தை இந்த இரண்டு மாதமும் தொல்லை. சாயங்காலம் நனைந்த சாக்கைப் பாத்தி ஓரத்தில் விரித்துவிட்டு, விடியற்காலையில் புரட்டிப் பாருங்கள். அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும். கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். உப்பைப் பாத்தியில் தூவாதீர்கள், அது மண்ணைக் கெடுக்கும்.

மழையில் சும்மா இருக்க மனம் வராதவர்கள், ஈரத்தை விரும்பும் பொன்னாங்கண்ணியையும் வல்லாரையையும் தாழ்ந்த ஓரத்தில் நடலாம். பொன்னாங்கண்ணிக்கு விரல் நீளத் தண்டு போதும், கணுவில் வேர் விடும். தாழ்வாரத்தில் சாரல் படாத இடத்தில் மீன் பெட்டியோ பழப் பெட்டியோ வைத்து, அடியில் ஓட்டை போட்டுக் கீரை விதைக்கலாம்.

பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

பொங்கல் கூட்டுக்கு உங்கள் கொல்லைக் காய் வேண்டுமென்றால் பின்னோக்கி எண்ணுங்கள். சேனையும் மஞ்சளும் எட்டு ஒன்பது மாதப் பயிர். சேனையைச் சித்திரை, வைகாசியிலும், மஞ்சள் கொத்துக்கான கிழங்கை வைகாசியிலும் நட்டால்தான் தைக்குக் கிடைக்கும். இரண்டும் மேட்டில்தான். பரங்கியை ஆவணித் தொடக்கத்தில் ஊன்றிக் கூரை மேலோ தகரக் கொட்டகை மேலோ ஏற்றிவிடுங்கள், தரையில் கிடக்கும் காய் கார்த்திகையில் அடி அழுகும். சர்க்கரைவள்ளிக் கொடியைப் புரட்டாசியில் உயரமாக அணைத்த மண் பாரில் நட்டால் நான்கு மாதத்தில் கிழங்கு.

அவரையைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நாட்டுக் கொடியவரை பகல் குறுகி, பனி விழும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றியது ஐப்பசியில் பூக்கவில்லை என்று வெட்டி எறிகிறவர்கள் உண்டு. மார்கழி வரை பொறுங்கள், கொத்துக் கொத்தாகப் பிடிக்கும். அந்தப் பனியோடு கறுத்த அசுவினியும் வரும். மொய்த்த நுனிகளைக் கிள்ளி எடுத்து, மீதியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

தைப் பட்டம்

டெல்டாவில் வீட்டுத் தோட்டத்துக்கு உண்மையான பட்டம் தைதான். மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் மிச்சமிருந்து, வெயிலும் மிதமாக இருக்கும். நாலு மாதம் தொடர்ந்து காய் எடுக்கலாம். ஆடியில் தோற்றவர்கள் தையில் தோற்பது அபூர்வம். புதிதாகத் தொடங்குகிறவர்களைத் தையில் தொடங்கச் சொல்வதே எங்களுக்கு இஷ்டம்.

தை ஐந்தாம் தேதி நடவு என்று வைத்துக்கொண்டால், மிளகாய் விதையைக் கார்த்திகை 20 வாக்கிலும், கத்தரியை மார்கழி பிறக்கும்போதும், தக்காளியை மார்கழி 10 வாக்கிலும் போட வேண்டும். நாற்று வயது மிளகாய்க்கு 40 நாளுக்கு மேல், கத்தரிக்கு ஒரு மாதத்துக்கு மேல், தக்காளிக்கு 25 நாள். அந்த நேரத்தில் மழை முழுசாக விட்டிருக்காது. ஆகையால் குழித்தட்டில் கூரையடியில் விடுங்கள். மக்கிய தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சரிபாதி, அதில் ஒரு தட்டுக்கு ஒரு டீஸ்பூன் டிரைக்கோடெர்மா விரிடி, அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சாணம் இது. மக்காத பச்சை நார்க்கழிவில் உப்பும் துவர்ப்பும் இருப்பதால் நாற்றுக் கருகும்.

முளைத்த நாற்று தூரில் தண்ணீர் கோத்து, நூல் போல மெலிந்து விழுந்தால் அது நாற்றழுகல். நெருக்கமாக விதைத்ததும் சாயங்காலம் தண்ணீர் தெளித்ததும்தான் காரணம். குழிக்கு ஒரு விதை போட்டு, காலையில் மட்டும் தெளியுங்கள். முளை தெரிந்த அன்றே வெயில் படும் இடத்துக்குத் தட்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாற்று கழுத்து நீண்டு ஒல்லியாகிவிடும்.

தக்காளிக்கு பி.கே.எம். 1 ரகத்தை நம்பிப் போடலாம். இரண்டடிக்கு ஒன்றரை அடி, பாத்திக்குப் பன்னிரண்டு செடி. மாலையில் நடுங்கள், முதல் இலை வரை தண்டைப் புதைத்து நட்டால் பக்கவேர் விடும். முழங்கால் உயரத்தில் குச்சி கட்டுங்கள். காயின் அடியில் கறுப்பாகக் குழி விழுந்தால் அது பூச்சியோ நோயோ அல்ல. ஒருநாள் வெள்ளமாகப் பாய்ச்சி, ஐந்து நாள் காயவிட்டால் செடியால் சுண்ணாம்புச் சத்தைக் காய்க்கு அனுப்ப முடிவதில்லை. தண்ணீரைச் சீராக விட்டு, வைக்கோல் மூடாக்குப் போட்டால் அடுத்த கொத்திலிருந்து சரியாகும். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் மலிவாகக் கிடைக்கும் நேரமும் இதுதான். வைக்கோலில் ஒட்டிய நெல் முளைக்கும், அவ்வப்போது பிடுங்க வேண்டியிருக்கும்.

முள்ளங்கி, கொத்தமல்லியை மார்கழிக் கடைசியிலேயே விதைக்கலாம். முள்ளங்கி 45 நாள். விட்டுவைத்தால் உள்ளே நெட்டி போலச் சக்கையாகிவிடும். முட்டைக்கோஸ், காலிஃப்ளவரை முதல் வருஷம் தொட வேண்டாம்.

கத்தரி நுனி வாடினால்

செடி முழுக்கப் பசுமையாக இருக்க, ஒரு கிளையின் நுனி மட்டும் தலைகவிழ்ந்து நிற்கும். வாடிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே விரலால் தடவினால் கடுகு அளவில் ஒரு ஓட்டையும், அதன் வாயில் மரத்தூள் போல எச்சமும் இருக்கும். அந்தத் தண்டை நகத்தால் நெடுக்காகக் கிழியுங்கள். இளஞ்சிவப்பாக ஒரு புழு உள்ளே சுருண்டிருக்கும். தண்டு, காய்த் துளைப்பான் இதுதான். வெளியே என்ன தெளித்தாலும் உள்ளே இருப்பதை எட்டாது. வாடிய நுனியை ஓட்டைக்கு ஒரு விரற்கடை கீழே வரை வெட்டி, குப்பையில் போடாமல் எரித்துவிடுங்கள். நட்ட ஒரு மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை இதைச் செய்தால் காயில் சொத்தை பெரிதும் குறையும். வெட்டிய இடத்தில் பக்கக்கிளை விடும், செடிக்கு நஷ்டமில்லை.

வெண்டை இலை நரம்பு மஞ்சளாகி, வலை போலத் தெரிந்தால் தேமல். வெள்ளை ஈ பரப்புவது. மருந்து கிடையாது, முதல் செடியைக் கண்ட அன்றே பிடுங்கிவிடுங்கள். இலையடியில் வெள்ளை ஈ பறந்தால் மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடி உயரத்தில் கட்டுங்கள்.

பாகல், புடல் பிஞ்சு கோணி, மஞ்சளாகி, உள்ளே புழு நெளிந்தால் பழ ஈ. ஈயை வாசனையால் இழுக்கும் பொறி வாங்கும்போது கவனியுங்கள்: மாம்பழ ஈக்கான மெத்தில் யூஜினால் வில்லை பந்தல் காய் ஈயை இழுக்காது, கியூலூர் வில்லை என்று கேட்டு வாங்க வேண்டும். விழுந்த காயை அப்படியே கிடக்க விட்டால் புழு மண்ணில் இறங்கிக் கூடு கட்டும். பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் முடிந்து இரண்டு நாள் வெயிலில் போடுங்கள்.

மற்றவற்றுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் ஒன்று போதும். அரைக் கிலோ உலர்ந்த வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் பிழியுங்கள். இலையில் ஒட்டக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, அன்றைக்கே சாயங்காலத்தில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் வீரியம் போய்விடும். பறிக்கும் காயைப் பறித்த பிறகு தெளிப்பது நல்லது, கசப்பு ஒட்டும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று முடிந்த பாத்தியில் மற்றொன்றைப் போடாதீர்கள். அங்கே கீரையோ கொத்தவரையோ வரட்டும்.

கோடை

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28 அன்று மூடி, ஜூன் 12 அன்று திறப்பார்கள். நடுவில் ஆறும் வாய்க்காலும் காயும், கிணறு இறங்கும். மாசியில் களிமண்ணுக்கு மூன்று நாளுக்கு ஒரு தண்ணீர் போதும், பங்குனியில் ஒருநாள் விட்டு ஒருநாள். விரலை இரண்டு கணு மண்ணில் விட்டு ஈரம் தட்டினால் பாய்ச்ச வேண்டாம். பங்குனிக் கடைசியில் சூடு ஏற ஏறத் தக்காளிப் பூ உதிரும், உரம் போட்டு அதைத் தடுக்க முடியாது.

கடற்கரைப் பக்கம் கோடையில் பாத்தி மேல் வெள்ளைப் பொடி பூத்தால் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தெளித்தால் உப்பு மேலேயே தங்கும். நிறைவாகப் பாய்ச்சி, மூடாக்கை விலக்காமல் வையுங்கள். நாற்றுக்கு மட்டுமாவது சேமித்த மழைத்தண்ணீர் வேண்டும். பீன்ஸ் வகை உப்பைத் தாங்காது, பாலக் கீரை ஓரளவு தாங்கும்.

சித்திரை, வைகாசியில் கொத்தவரையும் நிழலோரக் கீரையும் தவிர மற்றப் பாத்திகளுக்கு ஓய்வு கொடுங்கள். வேரழுகல் வந்த பாத்தியை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் ஓரம் மூடிப் போர்த்தி, ஐந்து வாரம் வெயிலில் வேகவிடுங்கள். தண்ணீர் வசதி உள்ளவர்கள் பாத்திக்கு ஒரு கைப்பிடி தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கிக் கொத்தலாம். அது மக்கி முடிய மூன்று வாரம் ஆகும். கணக்கு ஆடிக்குச் சரியாக வரும்படி வைகாசித் தொடக்கத்திலேயே விதைத்துவிடுங்கள்.

விதை

கத்தரியிலும் வெண்டையிலும் வலுவான இரண்டு செடியை முதலிலேயே குறித்து, துணி கட்டி வையுங்கள். மிஞ்சிப்போன காயை விதைக்கு விடுவது தப்பு, நல்ல செடியின் நல்ல காயை விட வேண்டும். வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் தாயைப் போல வராது. கத்தரி முழு மஞ்சளாகப் பழுக்கட்டும், வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கும் பதம் வரட்டும். மாசி, பங்குனி வெயிலில் எடுக்கும் விதைதான் நன்றாகக் காயும். காலை வெயிலில் மூன்று நான்கு நாள் உலர்த்தி, அடுப்புச் சாம்பல் கலந்து, காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். ஐப்பசி ஈரம் ஏறினால் விதைக்குள் பூஞ்சாணம் பிடிக்கும், ஆகையால் மழைக்காலத்தில் பாட்டிலைத் திறக்க வேண்டாம். ஆனி பிறந்ததும் பத்து விதையை எண்ணி ஈரத் துணியில் முடிந்து வையுங்கள். வெண்டைக்கு ஐந்து நாள், கத்தரிக்குப் பத்து நாள் பொறுங்கள். ஏழுக்கு மேல் முளைத்தால் அந்த விதையே போதும். ஐந்துக்குக் கீழே என்றால் ஆடிக்கு முன் புது விதை வாங்கிவிடுங்கள். நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும், பக்கத்துத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.